அம்மைக்குத்து பிடித்ததா?

முதலில் முதுகுதான் வலித்தது. இடுப்புக்குச் சற்று மேலே யாரோ உலக்கையை வைத்து அழுத்துவதுபோல் ஒரு வலி. அம்மை என்றால் காய்ச்சல் வரும், பிறகு முத்துப் போடும் என்றுதான் எல்லோரையும் போல நானும் அறிந்திருந்தேன். முதுகைப் பற்றி யாரும் சொன்னதில்லை. கோவில் முற்றத்திலும் கிணற்றடியிலும் பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

எங்கள் ஊர் மார்த்தாண்டத்துக்கு வடக்கே. மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு நான் டீச்சர். என் கணவருக்கு மார்த்தாண்டம் சந்தையில் கருப்பட்டி வியாபாரம். வீட்டில் எங்களோடு அவருடைய அக்கா, தங்கம் மைனியும் இருந்தார். மைனிக்குச் சிறுவயதில் அம்மை கண்டு முகம் முழுவதும் குழிகுழியாகத் தழும்பு. அதே அம்மையில் கூடப்பிறந்த இரண்டு பேர் போய்விட்டார்கள். மைனி பிழைத்தார், ஆனால் அவரைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. அதிகம் பேசமாட்டார். பேசினால் வெட்டினாற்போல் இருக்கும்.

எங்கள் மகள் லில்லிக்கு அப்போது எட்டு மாதம் இருக்கும். அம்மை வராமல் தடுக்கிற அம்மைக்குத்து இன்னும் போடவில்லை. குத்துகிறவர் ஊருக்கு வந்த அன்று பிள்ளைக்குச் சளியும் காய்ச்சலுமாக இருந்ததால், அடுத்த தடவை போடலாம் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு எங்கிருந்து ஒட்டியது என்பது பிறகு யோசித்தபோது விளங்கியது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பல வாரம் வராமலிருந்து, மெலிந்துபோய் வந்தாள். தேறிவிட்டது என்று அவள் அப்பா கொண்டுவந்து விட்டார். உள்ளங்கையில் மட்டும் சில பொருக்குகள் உதிராமல் இருந்தன. எழுத்தெல்லாம் மறந்துபோயிருந்தது. அவள் கையை என் கையால் பிடித்துச் சிலேட்டில் எழுத வைத்தேன். அதன்பின் இரண்டு வாரம் போல் ஒன்றும் இல்லை. பிறகு முதுகு வலித்தது.

காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தேன். தலை பிளந்தது. பிறகு ஒரு காலையில் காய்ச்சல் இறங்கி, உடம்பு காற்றாக லேசானது. எழுந்து உட்கார்ந்து, பிள்ளையை வாங்கிப் பால் கொடுத்தேன். நாக்கில் மட்டும் ஏதோ கொப்புளம்போல் உறுத்தியது. மைனி கஞ்சி கொண்டுவந்தார். என் நெற்றியைப் பார்த்தார். கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

“ஏட்டி எஸ்தரு, பிள்ளையத் தா.”

“பால் குடிக்கிறா மைனி.”

“குடிச்சது போதும். தா.”

லில்லியின் வாயை மார்பிலிருந்து விடுவித்துத் தூக்கிக்கொண்டார். பிள்ளை அலறியது. மைனி திரும்பிப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்க்கொண்டே என் கணவரைக் கூப்பிட்டார். “லேய் தம்பி, வண்டி பிடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணும். இது அதுதான். எனக்குத் தெரியும்.”

அன்று ஊரில் வண்டி கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. அம்மைக்காரியை ஏற்றினால் பிறகு யார் அந்த வண்டியில் ஏறுவார்கள்? கடைசியில் கருப்பட்டி ஏற்றுகிற எங்கள் வழக்கமான வண்டிக்காரர், தாமே ஓட்டமாட்டேன் என்று சொல்லி, மாட்டையும் வண்டியையும் கொடுத்தார். என் கணவர் அதற்குமுன் வண்டி ஓட்டியவர் அல்லர். வழி நெடுக மாடு தன் விருப்பப்படி நடந்தது. நான் வைக்கோலில் கிடந்து பனை உச்சிகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

மிஷன் ஆஸ்பத்திரிக்கு அப்பால், முந்திரி காய்க்கும் கொல்லாமரத் தோப்பின் நடுவில் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. அம்மைக்காரர்களுக்கு அதுதான். சுற்றிலும் முள்வேலி. வேலிக்கு வெளியே என் கணவரை நிறுத்திவிட்டார்கள். டாக்டர் வந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்து, பல நாள் தூக்கம் கெட்டவர்போல் இருந்தார். என் நெற்றி, மணிக்கட்டு, வாய்க்குள் எல்லாம் பார்த்தார். வைசூரி என்று ஒரே வார்த்தையில் சொன்னார்; பெரியம்மைதான். பிறகு கேட்டார்:

“வீட்டில வேற யாரு உண்டு?”

சொன்னேன்.

“பிள்ளைக்குக் குத்து போட்டாச்சா?”

“இல்ல சார்.”

அவர் எழுந்து வேலியருகே போய் என் கணவரிடம் பேசினார். எனக்குக் கேட்கும்படி சத்தமாகத்தான் பேசினார். “இப்பவே திரும்பிப் போவும். பிள்ளையக் கொண்டு வாரும். நாளைக்கு விடியும் முன்ன கொண்டு வரணும்.”

“சார், இப்ப குத்தினா என்ன பலன்? ஒட்டியிருந்தா ஒட்டினதுதானே?”

“கேளும். இந்தக் கிருமி பூதக்கண்ணாடியிலகூட தெரியாது, அம்புட்டு சின்னது. உள்ள போயி பைய பையத்தான் பெருகும், முத்துப் போட ரெண்டு வாரம் எடுக்கும். நாம குத்துறது மாட்டுக்க அம்மை. அது சாது, ஆனா வேகமா வேலை செய்யும். இதுக்க சொந்தக்காரன்தான். அதப் பாத்து உடம்பு எதிர்க்கப் படிச்சிரும். படிச்சபிறகு இது தலை தூக்கினா உடம்புக்கு அடையாளம் தெரியும். முத்து வெளிய வந்தபிறகுதான் இது நல்லாப் பரவும். அதனால பிள்ளைக்கு ஒட்டியிருந்தாலும் நேத்து இன்னைக்குத்தான் ஒட்டியிருக்கும். நமக்கு நேரம் உண்டு. கொஞ்சம்தான் உண்டு.”

என் கணவர் மாட்டை அவிழ்க்க ஓடினார்.

மறுநாள் பொழுது விடிகிற நேரம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து லில்லி அழுகிற சத்தம் கேட்டது. தோப்புக்கு அந்தப் பக்கம்தான். எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை. அவள் அழுகையைக் கேட்டதும் என் மார்பில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. எழும்பத் தொடங்கிய முத்துக்கள் மேல் அந்த ஈரம் பட்டபோது தீயாக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. வண்டி போகிற சத்தம் கேட்டது.

பிள்ளையை ஊரில் யாரும் தொடமாட்டார்கள், நோய் உள்ளே இருக்குமோ என்று பயம். அதனால் மைனி லில்லியை வைத்துக்கொண்டு பின்கட்டு அறையில் தனியாக இருந்தார். மைனிக்கு ஒருமுறை வந்து போனது, இனி வராது. என் கணவர் பழைய அம்மைக்குத்துக்குமேல் புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக நடந்தார்.

இனி கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலில் சிவப்புப் புள்ளி. அது தடித்து, உருண்டையாகி, உள்ளே நீர் கோத்து, பிறகு சீழாகும். முகத்திலும் கையிலும் காலிலும் நெருக்கம், வயிற்றில் குறைவு. உள்ளங்காலில்கூட உண்டு. பாயில் படுத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்று வாழையிலையில் எண்ணெய் தடவி விரிப்பார்கள். அது வாடியதும் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு என்னை ஒருபுறமாகப் புரட்டுவார்கள். அந்தப் புரட்டலை நினைத்தே நான் பாதி நேரம் பயந்துகொண்டிருப்பேன். முகம் வீங்கி இமைகள் மூடிக்கொண்டன. சில நாள் எனக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். கண்ணில் முத்து போட்டால் பார்வை போகும் என்பதால் பாக்கியம் என்ற பணிப்பெண் வேளாவேளைக்கு மருந்துத் தண்ணீரால் கண்ணைக் கழுவிவிடுவார். அவருக்கும் முகத்தில் தழும்பு உண்டு. இந்தக் கொட்டகையில் வேலை செய்ய வேறு யாரும் வரமாட்டார்கள் என்பார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சலிப்பாகத்தான் சொன்னார்.

எனக்கு அடுத்த பாயில் இனயத்திலிருந்து வந்த மரியம்மை கிடந்தாள். வயதில் என்னைவிட இளையவள். மீன்பிடிக்கிறவரின் மனைவி. அவள் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. அவள் வந்தபோது என் கண்கள் மூடியிருந்தன. குரல்தான் தெரியும். கடற்கரைப் பேச்சு, பாட்டுப்போல் இழுக்கும்.

“டீச்சரே, ஒனக்க பிள்ளைக்குக் குத்து பிடிச்சா?”

“தெரியல்ல.”

“ஒனக்க மாப்பிள வந்து சொல்லுவாரு. எனக்க ஆளு வள்ளத்தில பெய்ட்டாரு. எனக்கு இப்பிடின்னு அவருக்குத் தெரியாது.”

“உனக்குச் சின்னதில குத்து போட்டதில்லையா?”

“இல்ல டீச்சரே. குத்துகாரன் வந்தா எங்கம்ம எங்கள வள்ளத்துக்கு அடியில ஒளிச்சு வைக்கும்.” அவள் சிரித்தாள். சிரித்ததும் வலியில் முனகினாள்.

அம்மைக்குத்து போட்டால் மட்டும் போதாது, அது பிடிக்க வேண்டும். குத்திய இடம் சில நாளில் சிவந்து தடித்து, நீர் கோத்துப் பொங்க வேண்டும். அப்படிப் பொங்கினால் உடம்பு அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சும்மா கீறல்போல் ஆறிவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை. அந்த மருந்தை அம்மைப்பால் என்பார்கள்; அது வெயிலில் கெட்டுப்போயிருந்தால் அப்படி ஆகும். அதனால் என் கணவர் வேலிக்கு வெளியே வந்து நிற்கிறபோதெல்லாம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். என் குரல் வெளியே எட்டாது. பாக்கியம் எனக்காகக் கத்திக் கேட்பார்.

“குத்து பிடிச்சுதா?”

“ஒண்ணும் காணல்ல,” என்பார் அவர். ஒருநாள் சந்தையில் கருப்பட்டி விலை இறங்கிவிட்டதைப் பற்றி வேலிக்கு அப்பாலிருந்து வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். மரியம்மை மெதுவாகக் கேட்டாள், “டீச்சரே, இவரு எதுக்கு நமக்கிட்ட கருப்பட்டி விக்காரு?” செவ்விளநீரும், துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய வேட்டித் துணியும் கொண்டுவந்து வேலிமேல் வைத்துவிட்டுப் போவார். அந்தத் துணியின் மென்மையை இன்றும் என் தோல் மறக்கவில்லை. புதுத்துணி பட்டால் கத்தியால் அறுப்பதுபோல் இருக்கும். அவர் தம்முடைய நல்ல வேட்டிகளையும் கிழித்துக் கல்லில் அடித்துப் பழசாக்கிக் கொண்டுவந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது முறையோ நாலாவது முறையோ வந்தபோதும் “ஒண்ணும் காணல்ல” என்றார். ஒரு சிவப்பு இருந்தது, அதுவும் மங்கிவிட்டது என்றார். டாக்டர் அதைக் கேட்டுப் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, மறு கையில் புதிதாக வந்த அம்மைப்பாலைக் குத்தினார். இந்தத் தடவை லில்லி அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்த நேரம் எனக்கே நினைவு தப்பியிருந்தது.

முத்துக்கள் சீழ் பிடிக்கிறபோது காய்ச்சல் இரண்டாம் முறை ஏறும். முதல் காய்ச்சலைவிட இதுதான் மோசம். நான் ஏதேதோ பிதற்றினேனாம், வாய்ப்பாடு சொன்னேனாம். தெளிவு வந்த ஒரு மத்தியானம் டாக்டர் பக்கத்தில் இருந்தார்.

“சார், சீழ் பிடிச்சிட்டு. நான் போயிருவேனா?”

“சீழ் பிடிக்குதுன்னா உடம்பு சண்டை போடுதுன்னு அர்த்தம். ரத்தத்தில உள்ள வெள்ளை அணுக்கள் அங்க போயி செத்துக் குவியுது, அதுதான் சீழ். காய்ச்சலும் உடம்பு தானே மூட்டுற தீதான். பொறுத்துக்கிடணும்மா. நான் குடுக்குற மருந்தெல்லாம் எரிச்சலக் குறைக்கத்தான். வேலையச் செய்யுறது நீங்கதான்.”

இனி ஒரு வேலையும் என் உடம்பு தாங்காது என்று சொல்ல நினைத்தேன். உதடு பிரியவில்லை.

மரியம்மைக்குச் சீழே பிடிக்கவில்லை. அவளுடைய முத்துக்கள் எழும்பாமல் தோலுக்கு அடியிலேயே கறுத்துப் படர்ந்தன என்று பாக்கியம் சொன்னார். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் ரத்தம் வந்தது. ஆனால் அவளுக்குப் புத்தி கடைசிவரை தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் கொஞ்சம் வெள்ளம் தா என்று கேட்டாள். பாக்கியம் கொடுத்தார். குடித்துவிட்டு என் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், குரல் கிட்டத்தில் கேட்டது.

“டீச்சரே, பிடிச்சா?”

“இன்னும் தெரியல்ல மரியம்மை.”

“பிடிக்கும்,” என்றாள்.

சற்று நேரத்தில் அவள் மூச்சு நின்றது. கொட்டகையிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு போவது என் காதில் விழுந்தது. கண் திறக்கவில்லை, அழுதாலும் கண்ணீர் உள்ளேயே தேங்கி எரிந்தது. சில நாள் கழித்து அவள் கணவர் வேலியருகே வந்து நின்றாராம். பாக்கியம் அவரைத் தோப்புக்கு அந்தப் பக்கம், அவளைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப் போனார்.

“அவ ஏன் சார் போனா? நான் ஏன் இருக்கேன்?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

அவர் என் இடது கையைப் பிடித்து மெல்லத் திருப்பினார். முத்துக்களுக்கு நடுவில் விரலால் ஓரிடத்தைத் தொட்டார். “இந்தா, சின்னதில போட்ட குத்துத் தழும்பு. அன்னைக்கு உடம்பு படிச்சத இத்தன வருசத்தில முக்காலும் மறந்துபோச்சு, அதனாலதான் உங்களுக்கு வந்துது. ஆனா கொஞ்சம் ஞாபகம் இருந்திருக்கு. அந்தக் கொஞ்சம்தான் உங்களக் காப்பாத்திச்சுன்னு நினைக்கேன். அவளுக்கு அதுவும் இல்ல. அவ உடம்பு இதப் படிக்க நேரம் கெடைக்கல்ல.” பிறகு, “எல்லாம் இதுதான்னு சொல்லவும் முடியாது. குத்தே போடாத எத்தனையோ பேரு பிழைச்சிருக்காவ. எங்களுக்கும் தெரியாதது நெறைய உண்டு,” என்றார்.

அவர் போன பிறகு வேலிக்கு வெளியே என் கணவரின் குரல் கேட்டது. பாக்கியம் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்.

“பொங்கிட்டு. ரெண்டு கையிலயும்.”

முதல் குத்து தாமதமாக எழும்பி, இரண்டாவதோடு சேர்ந்து பொங்கியிருந்தது. நான் கையை மட்டும் தூக்கினேன். அது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

ஆனால் அதோடு முடியவில்லை. அடுத்த முறை வந்தபோது லில்லிக்குக் காய்ச்சல் என்றார். குத்தின காய்ச்சலா, மற்றதா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. பார்க்கலாம் என்றார். நெற்றியிலும் காதோரத்திலும் சில புள்ளிகள் வந்தன என்று சேதி வந்தது. அந்த நாட்களில் நான் ஜெபம் செய்ததாகச் சொன்னால் பொய். ஒன்றையும் கேட்க வலுவில்லாமல் கிடந்தேன். என் உடம்பு தன் வேலையைச் செய்து ஓய்ந்திருந்தது. முத்துக்கள் காய்ந்து பொருக்காகிக்கொண்டிருந்தன. இமைகள் திறந்தன, இரண்டு கண்ணும் தெரிந்தது. அதற்குக்கூடச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

லில்லிக்கு வந்த புள்ளிகள் நீர் கோக்காமலே காய்ந்து உதிர்ந்தன. அவள் உடம்பு முந்திக்கொண்டது, நூலிழையில் முந்திக்கொண்டது என்றார் டாக்டர். அப்போதுதான் அவர் முதல் தடவையாக என் பாய்க்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

பொருக்கு முழுவதும் உதிரும்வரை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். உள்ளங்காலில் தோல் தடிப்பு, அங்கே பொருக்கு விதைபோல் உள்ளேயே தங்கிவிடும். பாக்கியம் ஊசியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தார். என் துணிகளை எரித்தார்கள். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரில் குளிக்க வைத்தார்கள். கொட்டகையில் கண்ணாடி கிடையாது. குளித்த வாளித் தண்ணீர் அடங்கியதும் குனிந்து பார்த்தேன். நெடுநேரம் பார்க்கவில்லை. என்னையே எனக்குத் தெரியவில்லை என்றால், கைப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? பயந்து வீறிடுவாள் என்று வண்டியில் வரும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தேன். என் கணவர் இப்போது நன்றாக வண்டி ஓட்டினார்.

வீட்டு முற்றத்தில் இறங்கியபோது மைனி வாசலில் நின்றார். இடுப்பில் லில்லி. நான் முற்றத்திலேயே நின்றுவிட்டேன்.

“என்ன நிக்கிய? வந்து பிடி.”

“பயப்படுவா மைனி.”

“எதுக்குப் பயப்படணும்? இவ்வளவு நாளும் எந்த மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தா?”

மைனி இறங்கி வந்து பிள்ளையை என் கையில் கொடுத்தார். லில்லி அழவில்லை. என்னை உற்றுப் பார்த்தாள். என் கன்னத்துக் குழிகளில் விரலை வைத்துப் பார்த்தாள், பழகிய இடத்தைத் தடவுவதுபோல். இவள் என் அம்மா என்ற நினைவு அவளிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பயம் மட்டும் இல்லை. மார்பில் வைத்துப் பார்த்தேன். பால் வற்றிப்போயிருந்தது. ஒருதரம் வாய் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“போவட்டு, விடு,” என்றார் மைனி. “ஏத்தவாழைக்காய் மாவும் ஆட்டுப்பாலும்தான் குடிக்கிறா இப்ப. காய்ச்சி அடுப்பங்கரையில வச்சிருக்கு. இனி நீ பிடி. நான் கொஞ்சம் படுக்கட்டு.”

பாய்கூட விரிக்கவில்லை. கையைத் தலைக்கு வைத்து வெறுந்தரையில் சாய்ந்தார், உடனே உறங்கிவிட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நாளிலிருந்து அக்கா கிடந்து உறங்கவில்லை, தோளில் போட்டால்தான் லில்லி தூங்குவாள், அதனால் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தாள் என்று என் கணவர் சொன்னார்.

மைனி உறங்கியதும் லில்லி அவரை நோக்கிக் கையை நீட்டி அழத் தொடங்கினாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்குப் போனேன். உள்ளங்காலில் புதுத்தோல். செம்மண் தரையும் சரளைக்கல்லும் சுட்டன. பலாமரத்தடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். அவள் என் தோளில் அடித்தாள், உதைத்தாள், வீட்டுப் பக்கமே திமிறினாள். என் கணவர் வந்து பார்த்தார்.

“அக்காவ எழுப்பட்டா?”

“வேண்டாம்.”

“உனக்கு முடியுமா?”

பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். வெகுநேரம் கழித்து அவள் அழுது ஓய்ந்து, விக்கலோடு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உட்கார்ந்தால் விழித்துக்கொள்வாளோ என்று மரத்தில்கூடச் சாயாமல், அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.